டிவி கேம் பெட்டிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயா?

10.02.2024, திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணே, சின்ன வயதில் சித்தப்பா வீட்டில் ஆடிய அதே டிவி கேம் பெட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அட்டைப்பெட்டி, இரண்டு ரிமோட், துப்பாக்கி, மூன்று கேசட். 6,500 கேட்கிறார். குறைக்கச் சொன்னால், 'பழைய கேமெல்லாம் இனி தங்கம் மாதிரி தம்பி, அடுத்த வருஷம் பத்தாயிரம்' என்கிறார். அமெரிக்காவில் மரியோ கேசட் கோடிக்கணக்கில் போன செய்தியையும் அனுப்பினார். வாங்கி வைக்கலாமா?"

11.02.2024, ஞாயிறு

வாங்கி வைக்க என்றால் வேண்டாம் தம்பி. உட்கார்ந்து ஆட என்றால் அது வேறு கணக்கு, அதற்கும் 6,500 அதிகம்.

நான் மதுரை செல்லூர்க்காரன். 2001 தீபாவளிக்கு அப்பா தறி போனஸில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு பெட்டி வாங்கித் தந்தார். 1,100 ரூபாய். அம்மா ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியதால் தொகை இன்னும் மனதில் நிற்கிறது. காம்பவுண்டில் ஆறு வீடு, ஆறு வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வீட்டு நடையில்தான் கிடப்பார்கள். சாமுராய், மீடியா என்று ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பெயரில் நம் ஊரில் பெட்டி வந்தது. அத்தனைக்கும் மூலம் ஒன்றுதான், 1983 ஜூலையில் நின்டெண்டோ ஜப்பானில் விட்ட ஃபேமிகாம். அதன் கேசட்டுக்கு 60 கால், அதாவது பெட்டிக்குள் சொருகும் ஓரத்தில் இருக்கும் பின்கள். 1985-இல் அமெரிக்காவுக்குப் போன என்.இ.எஸ். பெட்டியின் கேசட்டுக்கு 72 கால். நம் ஊர்க் கேசட் எல்லாம் 60 கால் வகை. அதனால் அந்தச் செய்தியில் வந்த கோடி ரூபாய் கேசட்டை உன் பெட்டியில் சொருகக்கூட முடியாது. அதன் விலையை வைத்து இதற்கு விலை சொல்வது, தல்லாகுளத்தில் இடம் என்ன விலை போகிறது என்று பார்த்துவிட்டு உசிலம்பட்டிக் காட்டுக்கு விலை சொல்வது மாதிரி.

12.02.2024

நேற்று அவசரத்தில் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. பெட்டியைத் திறந்து காட்டச் சொல். நான்கைந்து ஸ்க்ரூதான். இவ்வளவு பெரிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் உள்ளங்கை அளவு போர்டு ஒன்று இருக்கும், அதன் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. ஃபேமிகாமில் தனித்தனிச் சில்லாக இருந்ததையெல்லாம் ஒரே சில்லில் அடக்கி, மேலே எபாக்சிப் பசையை ஊற்றி உறையவைத்தது அந்தப் பொட்டு. ரிமோட், பட்டன், ஒயர் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பொட்டு போனால் போனதுதான். ஒரு மெக்கானிக்கும் அதில் கைவைக்க முடியாது.

கேசட்டைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே பொட்டுதான்.

14.02.2024

"9,99,999 இன் 1 கேசட் ஒரிஜினலா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு ஒரிஜினல் எங்கேயும் கிடையாது. பட்டியலை உருட்டிக்கொண்டே போனால் மரியோ, கான்ட்ரா, வாத்துச் சுடுவது, டாங்க் என்று பத்துப் பதினைந்து ஆட்டம், பிறகு அவையே வேறு பெயரிலும் வேறு நிலையிலும் திரும்பத் திரும்ப வரும். சின்ன வயதில் நானும் அண்ணனும் ஒரு முழு ஆண்டு லீவு பூராவும் உட்கார்ந்து நோட்டில் குறித்துப் பார்த்தோம், 300-க்கு மேல் போக முடியவில்லை. அந்த நோட்டு இன்னும் இருந்தால் கேசட்டைவிட அதைத்தான் பத்திரப்படுத்துவேன்.

18.02.2024, ஞாயிறு

அமெரிக்க ஏலக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், இல்லையென்றால் அந்த ஒரு செய்தியை வைத்தே எல்லோரும் விலை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

பிரிக்காத சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேசட் ஒன்று 2020 ஜூலையில் 1,14,000 டாலருக்குப் போனது. 2021 ஏப்ரலில் இன்னொன்று 6,60,000 டாலர். அதே வருஷம் ஜூலையில் செல்டா என்கிற ஆட்டத்தின் கேசட் ஒன்று 8,70,000. இரண்டே நாளில் சூப்பர் மரியோ 64 கேசட் ஒன்று 15,60,000 டாலர், அன்றைய மதிப்பில் 11 கோடி ரூபாய்க்கு மேல். ஆகஸ்டில் மறுபடி ஒரு சூப்பர் மரியோ பிரதர்ஸ், 20 லட்சம் டாலர். பதிமூன்று மாதத்தில் இத்தனையும்.

இதில் மரியோ 64-ஐ யோசித்துப் பாருங்கள். 1996-இல் வந்து ஒரு கோடிக்கு மேல் விற்ற ஆட்டம் அது. கேசட்டுக்குப் பஞ்சமே இல்லை. 11 கோடி கொடுத்தது ஆட்டத்துக்கும் இல்லை, கேசட்டுக்கும் இல்லை, மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளுக்கும் "9.8 ஏ++" என்று வாட்டா என்கிற தரச்சான்று நிறுவனம் கொடுத்த மதிப்பெண்ணுக்கும்தான். தாளைப் பிரித்தால் மதிப்பு போய்விடும், அதனால் வாங்கியவர் அதை ஆடவே மாட்டார். சான்று கொடுத்த அந்த நிறுவனமே சந்தையை ஊதிப் பெருக்கியது என்று 2022-இல் அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். நம் தம்பிக்குச் செய்தி அனுப்பிய வியாபாரி அந்த வழக்குச் செய்தியையும் சேர்த்து அனுப்பியிருக்கவேண்டும்.

ஆனால் விலை ஏறியதற்கு இது மட்டும் காரணம் இல்லை. 2020-இல் ஊரடங்கு வந்து ஆட்கள் வீட்டில் முடங்கினார்கள், பரணிலிருந்து பழசெல்லாம் கீழே இறங்கியது. தொண்ணூறுகளில் பிள்ளைகளாக இருந்தவர்கள் கையில் இன்று சம்பளம் இருக்கிறது. 2023 மார்ச் 27-இல் நின்டெண்டோ தன் 3டி.எஸ்., வீ யூ கருவிகளின் இணையக் கடையை மூடியது, அங்கே மட்டும் விற்ற ஆட்டங்களை இனிமேல் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அதே வருஷம் ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்துச் சொன்னது: அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை. அப்புறம் பழைய கேசட்டைத் தேடிப் போகாமல் என்ன செய்வார்கள்? இந்தக் காரணத்தால் விலை ஏறினால் எனக்குக் கோபம் இல்லை. தாளுக்கும் மதிப்பெண்ணுக்கும் ஏறுவதுதான் பொறுக்கவில்லை.

25.02.2024, ஞாயிறு

"விலை ஏறியதால்தானே ஜனங்கள் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறார்கள்" என்று தேனி நண்பர் கேட்டது இந்த வாரம் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பதிலாக ஒரு சம்பவம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பக்கத்து வீட்டு வாசலில் காயலான்கடைக்காரர் தராசோடு நிற்கிறார். அந்த வீட்டுப் பெரியம்மா பரணைக் காலி செய்து பித்தளைக் குடம், தகர டின், ஓடாத மின்விசிறி எல்லாவற்றையும் இறக்கி வைத்திருக்கிறார். நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டி. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நிஜ ஃபேமிகாம்! ரிமோட் இரண்டும் பெட்டியோடு சேர்த்தே ஒயர் போட்டது, இரண்டாவது ரிமோட்டில் சின்ன மைக். அந்த வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து மகனுக்குக் கொண்டுவந்தது. கூடவே பதினொரு கேசட். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் எல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

"என்ன தருவே" என்றார் பெரியம்மா. "முந்நூறு" என்றேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மதுரை வரும்வரை சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று ராத்திரி சுத்தம் செய்து சொருகினேன். முதலில் போட்டது கான்ட்ரா, கொனாமி 1988-இல் ஃபேமிகாமுக்கு விட்ட ஜப்பான் கேசட். இருபது வருஷமாகக் கறுப்புப் பொட்டுக் கான்ட்ராவில் எத்தனை ஆயிரம் தடவை அந்தக் காட்டுக்குள் ஓடியிருப்பேன்! அந்த மரங்கள் படம் வரைந்து மாட்டிய மாதிரி அசையாமல் நிற்கும். இங்கே பார்த்தால் ஓலைகள் காற்றில் ஆடுகின்றன. கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், குண்டு பட்டு ஆள் செத்தும் போனான். ஜப்பான் கேசட்டுக்குள் கொனாமி தன் சொந்தச் சில்லு ஒன்றைக் கூடுதலாக வைத்திருந்தது, அதனால்தான் ஓலை ஆடுகிறது, பனி நிலையில் பனி பறக்கிறது, நிலைக்கு நிலை நடுவில் வரைபடமும் கதைக்காட்சியும் வருகின்றன. அமெரிக்கக் கேசட்டில் இது எதுவும் இல்லை. நாம் ஆடியது அந்த வெட்டிய வடிவத்தின் நகலை.

கொடுத்த காசுக்கு அந்த ஓலை ஒன்று போதும்.

26.02.2024

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெட்டியும் கேசட்டும் சேர்ந்து எவ்வளவு போகும் என்று எனக்கு அன்றே தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது. காயலான்கடைக்காரர் எடைக்கு இருபது முப்பது கொடுத்திருப்பார், நான் பத்து மடங்கு கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் கேசட்டைத் துடைக்க உட்கார்ந்தபோது கான்ட்ராவின் முதுகில் நீல மையில் ஒரு பெயர், சின்னப்பிள்ளைக் கையெழுத்து, கீழே "7-பி". பெயர் எழுதிய கேசட்டைச் சேகரிப்பவர்கள் "டேமேஜ்" என்பார்கள். துடைத்தால் விலை கூடும் என்று ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துக் கையில் எடுத்தே விட்டேன். துடைக்க மனம் வரவில்லை.

கல்யாண வீட்டில் நம்பர் வாங்கி அந்த மகனுக்குப் போன் போட்டேன். வெளிநாட்டில் இருக்கிறார். என்ன வாங்கினேன், என்ன கொடுத்தேன், சந்தையில் என்ன போகும், எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றதும் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். இன்னும் 7,000 ரூபாய் அம்மா கையில் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். பெயர் எழுதிய கேசட்டை மட்டும் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றார். அது இப்போது என் பீரோவில் தனியாக இருக்கிறது.

ஆக, தேனி நண்பர் சொன்னது பாதி சரி. விலை தெரிந்த ஒருவன் அந்த வாசலில் நின்றதால் பெட்டி தப்பியது. அந்த விலை பெரியம்மாவுக்கும் தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். யாரிடமாவது பழைய பெட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் விலையை நீங்களே சொல்லிவிடுங்கள். "அடிமாட்டு விலைக்குத் தட்டினேன்" என்று பெருமையாகப் போடும் படங்களைப் பார்த்தால் எனக்கு அந்த முந்தானை முடிச்சுதான் கண்ணில் வருகிறது.

03.03.2024

ஒரு திருத்தம். அட்டைப்பெட்டிக்கெல்லாம் காசு கொடுக்காதே என்று தம்பியிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். நேற்று எங்கள் வீட்டுப் பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் கடைக்காரர் பேனாவில் எழுதிய விலை, வாரண்டிச் சீட்டில் அப்பாவின் கையெழுத்து. நம் ஊரில் எந்த வருஷம் எந்தப் பெட்டி என்ன விலைக்கு வந்தது என்பதற்கு இந்த அட்டைகளை விட்டால் சாட்சி கிடையாது. அட்டையும் சீட்டும் கையில் இருந்தால் எறியாதீர்கள், இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

இதே கணக்கில் இன்னொன்று. 2009-இல் ஹைதராபாத்தில் செய்து சோனியின் பிளேஸ்டேஷன் 2-வுக்கு வந்த ஹனுமான்: பாய் வாரியர், தேசி அட்டா இரண்டு டிஸ்க்கும் எங்காவது கிடைத்தால் எடுத்து வையுங்கள். தேசி அட்டாவில் கபடியும் கில்லியும் உண்டு. மதிப்பெண் போட்டுக் கண்ணாடிக்குள் வைக்க இதற்கெல்லாம் எந்த வெளிநாட்டுக்காரரும் வரப்போவதில்லை. நாம்தான் வைத்துக்கொள்ளவேண்டும்.

10.03.2024, ஞாயிறு

பெட்டியோடு வந்த துப்பாக்கி வேலை செய்யவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று இரண்டு பேர். எல்.இ.டி. டிவியில் சுட்டுப் பார்த்தீர்களா? அதில் யார் சுட்டாலும் வாத்து விழாது.

விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னக் கண். கறுப்புக்குப் பின் வெள்ளை வந்ததை அது பார்த்தால் குறி சரி. படக்குழாய் வைத்த பழைய குண்டு டிவியில் படம் வந்த நொடியே திரையில் விழும். புது டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, பிறகுதான் காட்டும். அந்தச் சின்னத் தாமதத்தில் துப்பாக்கிக்கு வெள்ளை தெரியாமல் போகிறது.

அதனால்தான் வெளிநாட்டில் குண்டு டிவிக்கும் விலை ஏறிவிட்டது. நம்மிடம்? 2006 தேர்தலில் சொல்லி, கலைஞர் ஆட்சியில் வீடு வீடாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி. கேபிள் மாறி, பெரிய திரை வந்து, அத்தனையும் மூலைக்குப் போய் கோழிக்கூட்டின் மேல் பலகையாகக் கிடப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். நான் ஆடுவது சோழவந்தானில் மாமா வீட்டிலிருந்து தூக்கிவந்த அந்த டிவியில்தான். இந்தப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான திரை கிடையாது. கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பின்மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

17.03.2024

போலி பற்றி. கேம்பாய் அட்வான்ஸ் என்கிற நின்டெண்டோ கையடக்கக் கருவிக்கு வந்த போக்கிமான் கேசட்டில் நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன், மொத்தம் 3,400 ரூபாய். விற்ற இருவரும் "ஃபாரின் பீஸ்" என்றார்கள். இப்போது வாங்குமுன் மூன்று இடம் பார்க்கிறேன். லேபிளை வெளிச்சத்தில் சாய்த்தால் இரண்டு இலக்க எண் ஒன்று மை இல்லாமல் அழுத்தியிருக்கும். காலுக்குச் சற்று மேலே போர்டில் நின்டெண்டோ என்ற எழுத்து இருக்கும். போக்கிமான் எமரால்ட் என்றால் கூடு பச்சைக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் செய்தி வந்தால் பயப்படாதீர்கள், நிஜக் கேசட்டில் இத்தனை வருஷத்துக்கு அது தீர்ந்துதான் இருக்கவேண்டும்.

31.03.2024, ஞாயிறு

சிம்மக்கல் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் ஐயா இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். கேசட்டை ஊதி ஊதிச் சொருகாதே, எச்சில் ஈரத்தில் கால் கறுத்துப்போகும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். ஒரு முறை பிளஸ் மைனஸ் மாறிய அடாப்டரைச் சொருகி என் பெட்டி செத்துப்போனது. திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மின்னழுத்தத்தைச் சீராக்கும் 7805 ரெகுலேட்டரையும் உப்பிய ஒரு கெப்பாசிட்டரையும் எடுத்துப் புதுசு வைத்தார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. 150 ரூபாய். போன வாரம் இன்னொரு பெட்டியோடு போனேன், அதே 150. பத்து வருஷத்தில் பெட்டி விலை பல மடங்கு ஏறிவிட்டது, ஐயாவின் கூலி அங்கேயே நிற்கிறது.

இதுதான் என் ஆதங்கம் முழுவதும். பிரிக்காத தாளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர், ஓடாததை ஓடவைக்கிற கைக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்கப் பேரம் பேசுகிறார். அவர் கடையில் என் கண்ணெதிரே நடந்தது. நான் 500 வைத்தேன், ஐயா வாங்க மறுத்துவிட்டார். அவரோடு உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்கிறேன் என்றேன். அதற்குச் சரி என்றார். ஞாயிறு காலை போகிறேன்.

24.04.2024

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் சிக்கி வீடு வந்து சேரவே மதியம் ஆகிவிட்டது. திருமங்கலத்துத் தம்பியும் திருவிழாவுக்கு வந்தவன் அப்படியே வீட்டுக்கு வந்தான், கையில் பை. அந்த வியாபாரியிடம் வாங்கவில்லையாம். தெருவில் விசாரித்து, தெரிந்தவர் வீட்டிலேயே ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது. அட்டை இல்லை, ஒரு ரிமோட்டில் ஏ பட்டன் அமுங்கிப்போயிருக்கிறது. அவனே விலை விசாரித்துச் சொல்லி 1,800 கொடுத்திருக்கிறான். பட்டனுக்குக் கீழே இருந்த ரப்பரைத் துடைத்துத் திருப்பிப் போட்டேன், சரியாகிவிட்டது.

14 இஞ்ச் டிவியில் கான்ட்ரா போட்டோம். மேலே மேலே கீழே கீழே, இடது வலது இடது வலது, பி ஏ என்று அவன் முப்பது உயிர் எடுக்கப் பார்த்தான், வேண்டாம் மூன்றிலேயே ஆடுவோம் என்றேன். மூன்றாவது நிலை அருவி. அங்கே ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு ஏறிவிடும், கீழே நிற்பவன் செத்தான். "மெதுவாப் போ தம்பி" என்று கத்தினேன். அவன் ஏறிக்கொண்டே இருந்தான்.